‘ஆண்மையற்ற கணவர்’ என்று இனி அச்சிடாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் நாளிதழின் மாவட்டப் பக்கத்தில், குடும்ப நல நீதிமன்றம் ஒரு திருமணத்தைச் செல்லாது என்று அறிவித்த செய்தி வந்திருந்தது. ‘ஆண்மையற்ற கணவர்: இளம்பெண்ணுக்கு விடுதலை’ என்று கொட்டை எழுத்தில் தலைப்பு. கீழே கணவர் பார்க்கும் வேலை, அவருடைய ஊர், வயது, பெண் வீட்டார் போட்ட நகை எல்லாம் இருந்தன. ‘குழந்தை பெறும் தகுதி இல்லாதவர் என்பது மருத்துவப் பரிசோதனையில் உறுதியானது’ என்று ஒரு வரி. ‘விவாகரத்து வழங்கி நீதிபதி உத்தரவிட்டார்’ என்று முடிந்திருந்தது. பெயரைப் போடவில்லை. ஆனால் அந்தச் சிற்றூரில் அந்த வேலையில் அந்த வயதில் எத்தனை பேர் இருந்துவிட முடியும்?

நான் நீதிமன்றத்தில் சுருக்கெழுத்துத் தட்டச்சராக இருந்து ஓய்வு பெற்றவள். பணியின் பிற்பகுதி குடும்ப நல நீதிமன்றத்தில் கழிந்தது. இந்த மாதிரி வழக்கு விசாரணைக்கு வரும்போது நீதிபதி எல்லோரையும் வெளியே போகச் சொல்வார். டவாலி கதவைச் சாத்திவிட்டு வராந்தாவில் நின்றுகொள்வார். உள்ளே நீதிபதி, கணவன், மனைவி, இரு தரப்பு வக்கீல்கள், தட்டச்சு இயந்திரத்தின் முன்னால் நான். பெற்ற தாய்கூடக் கேட்கக் கூடாது என்று சட்டம் கருதும் சாட்சியங்களைக் கேட்டு எழுதியவள் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

இந்து திருமணச் சட்டம், 1955-இன் 12-ஆவது பிரிவின் முதல் உட்பிரிவில் முதலாவதாக வருவதுதான் இந்தக் காரணம். எதிர்மனுதாரரின் இயலாமையால் தாம்பத்திய உறவே நிகழவில்லை என்றால், பாதிக்கப்பட்டவர் மனுப் போட்டுத் திருமணத்தைச் செல்லாததாக்கிக் கொள்ளலாம். சட்டம் வந்த காலத்தில் இன்னும் கடினமாக இருந்தது. கல்யாணத்தன்றும் அந்த இயலாமை இருந்தது, வழக்குப் போடும் நாள் வரை நீடித்தது என்று காட்ட வேண்டும். 1976-ஆம் ஆண்டுத் திருத்தம் அதை எளிமையாக்கியது. இந்த இயலாமை எதுவென்று 1969-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழக்கில் விளக்கியிருக்கிறது. ஒருவரின் மனநிலையோ உடல்நிலையோ தாம்பத்திய உறவை நடைமுறையில் நடக்க முடியாத காரியமாக ஆக்கினால், அவர் சட்டத்தின் பார்வையில் இயலாதவர். அந்த வழக்கைத் தொடுத்தது யார் தெரியுமா? கணவர். இயலாதவர் என்று அவர் சொன்னது மனைவியை. அவரால் நிரூபிக்க முடியாததால் வழக்கு தள்ளுபடியானது.

மனைவிக்கு எதிராகவும் கணவனுக்கு எதிராகவும் ஒரே பிரிவில் மனுப் போடக்கூடிய ஒரு காரணத்துக்கு ‘ஆண்மையின்மை’ என்று பெயர் வைத்தது நாம். சட்டம் கேட்பது மிகச் சிறிய கேள்வி. இந்த இருவருக்கும் இடையே உறவு நிகழ்ந்ததா, நிகழவில்லை என்றால் எதிர்மனுதாரரின் நிலைதான் அதற்குக் காரணமா? இதற்கு மேல் அவர் எப்படிப்பட்ட மனிதர், வீரரா கோழையா, நல்லவரா கெட்டவரா என்பதைப் பற்றி அந்தப் பிரிவுக்கு அக்கறை கிடையாது. மேடையில் ஏறி ‘ஆண்மை இருந்தால் பதில் சொல்’ என்று சவால் விடுகிறோமே, அந்தப் பொருளெல்லாம் நீதிமன்றக் கதவுக்கு வெளியே நிற்க வேண்டியது. தலைப்பில் அந்தச் சொல்லைப் போட்டதும் அத்தனையும் அந்த மனிதர் தலையில் வந்து விழுந்துவிடுகிறது.

ஒரு வழக்கைச் சொல்கிறேன். அடையாளம் காட்டும் விவரம் எதுவும் இதில் இல்லை. மனைவி போட்ட மனு. ‘எதிர்மனுதாரர் பிறவியிலேயே ஆண்மையற்றவர், மேற்படி உண்மையை மறைத்து மோசடியாகத் திருமணம் செய்துகொண்டார்’ என்று வக்கீல் அலுவலகங்களில் வழிவழியாக வரும் வாசகம் அதில் இருந்தது. ஆனால் சாட்சி சொல்ல வந்த அந்தப் பெண் அப்படி ஒரு வார்த்தையும் பேசவில்லை. “அவர் என்னை ஒருநாளும் கை நீட்டினதில்லை. ராத்திரி ரூமுக்குள்ள வந்தா அவருக்குக் கை நடுங்கும், வேர்த்துக் கொட்டும். எழுந்து மொட்டை மாடிக்குப் போயிடுவார். விடிய விடிய அங்கேயே உட்கார்ந்திருப்பார். ஏன்னு கேட்டா அழுவார்” என்றாள். கணவரின் வக்கீல் குறுக்கு விசாரணைக்கு எழுந்து, குறை உங்களிடம்தான் இருக்கிறது, என் கட்சிக்காரரிடம் இல்லை என்று ஆரம்பித்தார். வழக்கமாகப் போடும் கேள்விதான். கணவர் எழுந்து, “வேண்டாம் சார்” என்று தம் வக்கீலையே தடுத்தார்.

நீதிபதி அம்மா என்னைப் பார்த்துக் கையைக் காட்டினார். நான் தட்டச்சை நிறுத்தினேன். மருத்துவ அறிக்கைகள் அவர் மேசையில் இருந்தன. உறுப்பில் குறை ஏதும் இல்லை, இரத்தத்தில் சர்க்கரையும் ஹார்மோனும் சரியான அளவில் இருக்கின்றன என்று ஒன்று. கடுமையான பதற்ற நோய் இருக்கிறது, நீண்ட நாள் சிகிச்சை தேவை என்று மனநல மருத்துவரின் அறிக்கை இன்னொன்று. கணவர் சொன்னார்: “அம்மா, நான் எதுத்து வழக்காடல. அந்தப் பொண்ணு நல்லா இருக்கட்டும். அந்த வார்த்தைய மட்டும் தீர்ப்புல போடாதீங்க. எனக்குத் தங்கச்சி இருக்கு.”

தீர்ப்பில் அந்தச் சொல் இல்லை. ‘உடற்குறை எதுவும் மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும் எதிர்மனுதாரரின் மனநிலை காரணமாகத் தாம்பத்திய உறவு நிகழவில்லை. இனி நிகழும் வாய்ப்பும் இல்லை’ என்று நீதிபதி சொல்லச் சொல்ல எழுதினேன். பிரிண்ட் எடுத்துக் கொண்டுபோய் வைத்த பிறகு ஒருமுறை படித்துவிட்டு, ‘மனுதாரரைப் பொறுத்த அளவில்’ என்பதைத் தம் கையால் வரிக்கு மேலே எழுதிச் சேர்த்தார். அந்தப் பக்கத்தை மறுபடி அடித்தேன். சட்டம் அறிந்தவர்களுக்கு அந்தச் சேர்க்கையின் அருமை தெரியும். இந்த மனிதர் எல்லோரிடத்தும் எந்நாளும் இயலாதவர் என்று நீதிமன்றம் சொல்லவில்லை. இந்தத் திருமணத்தில் இந்தப் பெண்ணுடன் முடியவில்லை என்று மட்டுமே சொல்கிறது.

தீர்ப்பு வந்த சில நாளில் ஒரு பத்திரிகையில் (தங்களுடையது அல்ல) ‘முதலிரவில் அதிர்ச்சி’ என்று தொடங்கி, அவர் கெஞ்சிக் கேட்டுத் தவிர்த்த அதே வார்த்தை தலைப்பாகவே வந்தது. தீர்ப்பை யாரும் படித்திருக்க மாட்டார்கள். மனுவில் இருந்த வாசகத்தை யாரோ வாய்மொழியாகச் சொல்லியிருக்க வேண்டும். தங்கைக்குப் பேசி முடித்திருந்த சம்பந்தம் நின்றுபோனதாக வக்கீல் குமாஸ்தா பிறகு சொன்னார். அவள் என்ன தவறு செய்தாள் என்று இன்றுவரை எனக்கு ஆறவில்லை.

2024 ஏப்ரலில் மும்பை உயர் நீதிமன்றத்தின் ஔரங்காபாத் அமர்வு இதே போன்ற ஒரு வழக்கில் தீர்ப்புச் சொன்னது. கல்யாணமாகிப் பதினேழே நாளில் பிரிந்த இளம் தம்பதி. மற்றவர்களோடு இயலும், இந்தத் துணையோடு இயலவில்லை என்ற நிலை மருத்துவமும் சட்டமும் அறிந்ததுதான் என்று சொல்லி நீதிபதிகள் திருமணத்தைச் செல்லாததாக்கினார்கள். அந்த இளைஞர் தொடக்கத்தில் மனைவி மேல் பழியைப் போட்டிருந்தார். பிறகுதான் உள்ளதை ஒப்புக்கொண்டார். ‘ஆண்மையற்றவர்’ என்ற முத்திரை வாழ்நாள் முழுக்க ஒட்டிக்கொள்ளுமே என்ற அச்சம்தான் காரணம் என்பது தீர்ப்பைப் படித்தால் புரியும். அந்தச் சொல்லின் பயத்தால்தான் ஆண்கள் பொய் சொல்கிறார்கள். அந்தப் பொய்யின் முழுப் பாரத்தையும் சுமப்பது எதிரே நிற்கும் பெண். சத்தீஸ்கரில் ஒருவர், தம்மை இயலாதவர் என்று மனைவி சொன்னதற்குப் பதிலாக மனைவிக்குக் கன்னித்தன்மைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று கேட்டு உயர் நீதிமன்றம் வரை போனார். வேண்டுமானால் நீங்கள் பரிசோதனை செய்துகொள்ளுங்கள், ஒரு பெண்ணை அப்படிச் சோதிப்பது அரசியலமைப்பின் 21-ஆவது பிரிவுக்கே விரோதம் என்று 2025-இல் நீதிமன்றம் அவரைத் திருப்பி அனுப்பியது.

தங்கள் செய்தியில் வந்த ‘குழந்தை பெறும் தகுதி’ என்ற வரிக்கு வருகிறேன். இந்தக் குழப்பம் மனு எழுதுகிறவர்களிடமே உண்டு. கணவருக்கு இயலாமை என்பதை நிரூபிக்க, விந்தணு எண்ணிக்கை குறைவு என்று ஒரு லேப் ரிப்போர்ட்டை இணைத்து வருவார்கள். எதிர்த்தரப்பில் எண்ணிக்கை சரியாக இருக்கிறது என்று வேறொரு லேப் ரிப்போர்ட் வரும். இரண்டுமே அந்த வழக்கில் விழலுக்கு இறைத்த நீர். உறவு கொள்ள முடிவது வேறு, பிள்ளை உண்டாவது வேறு. கருப்பை இல்லாத பெண்ணோ, மாதவிலக்கே வராத பெண்ணோ அந்தக் காரணத்துக்காக மட்டும் சட்டப்படி இயலாதவள் ஆக மாட்டாள். குடும்பக் கட்டுப்பாடு அறுவை சிகிச்சை செய்துகொண்ட ஆணுக்குப் பிள்ளை பிறக்காது. மற்றபடி எந்தக் குறைவும் அவருக்கு வராது.

ஆனால் ‘ஆண்மை போய்விடும்’ என்ற பேச்சு எவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பதைக் கணக்கே சொல்கிறது. 2019-21-இல் எடுத்த தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் மனைவி 15 முதல் 49 வயதுக்குள் இருக்கும் தம்பதிகளில், கருத்தடை அறுவை சிகிச்சையைப் பெண் செய்துகொண்டது 37.9 சதவீதம், ஆண் செய்துகொண்டது 0.3 சதவீதம். ஆணுக்கான சிகிச்சை சிறியது, சீக்கிரம் முடிவது. இருந்தும் வயிற்றைக் கிழித்துக்கொள்வது பெண்தான். பிள்ளை பெறுவதையும் ஆண்மையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பி எழுதும் ஒவ்வொரு செய்தியும் அந்தப் பயத்துக்கு உரம் போடுகிறது.

விவாகரத்து என்ற வார்த்தையும் தவறு. செல்லாத் திருமணத் தீர்ப்பு வேறு, விவாகரத்து வேறு. விவாகரத்துக்குப் பொதுவாகக் கல்யாணமாகி ஓராண்டு காத்திருக்க வேண்டும். இதற்கு அந்தத் தடை கிடையாது. விவாகரத்தானவள் என்ற பேர் வராமல் இருக்கத்தான் பல பெண்கள் இந்தப் பிரிவைத் தேடி வருகிறார்கள். அவர்களுக்கு நீதிமன்றம் கொடுத்ததைச் செய்தி ஒரே வரியில் பிடுங்கிக்கொள்கிறது.

மற்றத் திருமணச் சட்டங்களிலும் இது உண்டு. கிறிஸ்தவர்களுக்கான 1869-ஆம் ஆண்டுச் சட்டத்திலும், 1954-ஆம் ஆண்டின் சிறப்புத் திருமணச் சட்டத்திலும் இருக்கிறது. எனக்கு மிகவும் பிடித்தது 1939-ஆம் ஆண்டின் முஸ்லிம் திருமணக் கலைப்புச் சட்டம். கணவர் இயலாதவர் என்று மனைவி வழக்குப் போட்டால், கணவர் விண்ணப்பித்துக் கேட்கலாம்; கேட்டால் நீதிமன்றம் அவருக்கு ஓராண்டு அவகாசம் கொடுத்தாக வேண்டும். அதற்குள் குறை நீங்கியதை அவர் காட்டிவிட்டால் அந்தக் காரணத்தைச் சொல்லித் திருமணத்தைக் கலைக்க முடியாது. இது நோய்தான், தீரக்கூடியதுதான் என்பதை எண்பது ஆண்டுக்கு முன்பே ஒரு சட்டம் ஏற்றுக்கொண்டு வழியும் வகுத்திருக்கிறது.

குற்ற வழக்குகளில் நடப்பது வேறு கதை. பாலியல் வன்கொடுமை வழக்கில் கைதானவரைப் போலீஸார் அரசு மருத்துவமனைக்கு ‘ஆண்மைப் பரிசோதனை’க்கு அழைத்துப் போனார்கள் என்று தங்கள் இதழ் உட்பட எல்லா இதழ்களிலும் வருகிறது. அந்தச் சான்றிதழ் பலவற்றை நான் பார்த்திருக்கிறேன். ‘இவர் ஆண்மையற்றவர் என்று கருதுவதற்கு ஏதும் இல்லை’ என்பதுதான் அதன் வாசகம். இயலும் என்று எந்த மருத்துவரும் அடித்துச் சொல்ல மாட்டார்; இயலாது என்பதற்கு ஆதாரம் காணவில்லை என்ற அளவோடு நிறுத்திக்கொள்வார். இதைத்தான் ‘ஆண்மை உறுதியானது’ என்று செய்தியாக்குகிறீர்கள். ஒரு குழந்தையைச் சீரழித்ததாகக் குற்றம் சாட்டப்பட்டவனுக்கு ‘ஆண்மை’ உறுதியானதாக அச்சில் படிக்கும் அந்தக் குழந்தையின் தாய்க்கு எப்படி இருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சட்டத்தில் அந்தச் சான்றிதழுக்கு இன்று பெரிய வேலையும் இல்லை. 2012-இன் போக்சோ சட்டமும் 2013-இல் திருத்தப்பட்ட வன்புணர்ச்சி விளக்கமும், விரலாலோ ஒரு பொருளாலோ செய்தாலும் அதே குற்றம்தான் என்று ஆக்கிவிட்டன. எனக்கு விறைப்பு வராது, ஆகவே நான் குற்றவாளி இல்லை என்று தப்பிக்கும் வாசல் அன்றே அடைபட்டது. குற்றம் சாட்டப்பட்டவரை மருத்துவர் என்னென்ன பார்க்க வேண்டும் என்று பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 53ஏ பிரிவு வரிசைப்படுத்தியது. 2024 ஜூலை முதல் அது புதிய சட்டத்தின் 52-ஆவது பிரிவு. வயது, காயங்கள், மரபணுச் சோதனைக்கான மாதிரி என்று சொல்லும் அந்த வரிசையில் ‘ஆண்மை’ என்று தனியே ஒன்று இல்லை. 2023 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றத்தில் நீதிபதிகள் என். ஆனந்த் வெங்கடேஷ், சுந்தர் மோகன் அமர்வு இதைக் கவனித்தது. விந்து எடுத்துச் செய்யும் பரிசோதனை பழங்காலத்து முறை, இரத்த மாதிரியைக் கொண்டே தேவையானதை அறியும் அளவுக்கு அறிவியல் வளர்ந்திருக்கிறது, புதிய நடைமுறையை வகுக்க வேண்டும் என்று சொன்னது. வன்கொடுமைக்கு உள்ளான பெண்களுக்குச் செய்யப்பட்ட இருவிரல் பரிசோதனையை 2022 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் கண்டித்துத் தடுத்ததை ஒட்டி வந்த அக்கறை அது. நீதிமன்றங்கள் கைவிடச் சொன்னதைச் செய்தித்தாள்களும் கைவிடலாம்.

இன்னொன்றையும் சொல்லாமல் முடிக்க எனக்கு மனம் வரவில்லை. அந்தச் செய்தி வந்த நாளிலேயே, இரண்டு பக்கம் தள்ளி, வரி விளம்பரங்களில் ‘ஆண்மைக் குறைவா? ஒரே மாதத்தில் நிரந்தரத் தீர்வு’ என்று செல்போன் எண்ணோடு விளம்பரம் இருந்தது. இந்த ஊரில் இன்ன லாட்ஜில் இன்ன தேதியில் வைத்தியர் தங்குகிறார் என்றும் இருந்தது. மருந்துகள் மற்றும் மாய நிவாரணங்கள் விளம்பரத் தடைச் சட்டம் 1954-இலேயே வந்தது. ஆண்மைக் குறைவைக் குணப்படுத்துவதாக மருந்துக்கு விளம்பரம் செய்யக் கூடாது என்பது அதன் பட்டியலிலேயே இருக்கிறது. விளம்பரம் கொடுப்பவர் மட்டுமில்லாமல், அதை வெளியிடுவதில் பங்கெடுக்கும் எவரும் அந்தச் சட்டத்துக்குப் பதில் சொல்ல வேண்டியவர்கள். முதல் பக்கங்களில் பயத்தைக் கொடுத்து, பின் பக்கங்களில் லேகியத்தைக் கொடுப்பதைத் தங்களைப் போன்ற நெடுங்காலப் பத்திரிகை செய்யக் கூடாது.

அந்த எண்ணுக்குப் போன் செய்கிறவர்களில் பலருக்கு இருப்பது சர்க்கரை நோய், அல்லது இரத்தக் கொதிப்பு. இரத்தக் குழாயும் நரம்பும் பழுதாவதால்தான் அவர்களுக்கு விறைப்புக் குறைகிறது. இதய நோய் வருவதற்கு முந்தைய அறிகுறியாகவும் அது இருக்கலாம் என்று மருத்துவர்கள் சொல்கிறார்கள். சர்க்கரைக்கும் இரத்தக் கொதிப்புக்கும் நம் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே பரிசோதனை உண்டு. வெளியில் சொல்லக் கூச்சப்பட்டு லாட்ஜ் வாசலில் காத்திருக்கும் அந்த மனிதர், அங்கே போயிருந்தால் உயிரைக் காப்பாற்றிக்கொள்ளலாம்.

தங்களிடம் நான் கேட்பது இதுதான். இந்து திருமணச் சட்டத்தின் 22-ஆவது பிரிவைத் தங்கள் செய்தி ஆசிரியர்கள் ஒருமுறை எடுத்துப் படிக்கட்டும். அந்தச் சட்டப்படி நடக்கும் வழக்குகள் கதவடைத்து விசாரிக்கப்பட வேண்டும், அதில் நடந்த எதையும் அச்சிடக் கூடாது, நீதிமன்றத்தின் முன் அனுமதியோடு வெளியிடும் உயர் நீதிமன்ற, உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் மட்டுமே விலக்கு என்று அது சொல்கிறது. மீறினால் அபராதம் ஆயிரம் ரூபாய் வரைதான். தொகை சிறியது என்பதால்தான் யாரும் பொருட்படுத்துவதில்லை. மாவட்டக் குடும்ப நல நீதிமன்ற வழக்குகளை இனி வெளியிடாதீர்கள். அனுமதியோடு மேல் நீதிமன்றத் தீர்ப்பை வெளியிடும்போது ‘தாம்பத்திய உறவு நிகழாததால் திருமணம் செல்லாது’ என்று தலைப்பிடுங்கள்; அதில் சட்டம் சொன்னது முழுவதும் வந்துவிடுகிறது. குற்றச் செய்திகளில் ‘மருத்துவப் பரிசோதனை’ என்று எழுதினால் போதும். லாட்ஜ் வைத்தியர்களின் விளம்பரங்களை நிறுத்துங்கள்.

கடிதத்தை வெளியிடுவதானால் என் பெயரையும் ஊரையும் தவிர்த்துவிடுங்கள். மேலே சொன்ன வழக்கில் சம்பந்தப்பட்டவர்கள் இன்னும் இங்கேதான் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நீதிமன்றச் சுருக்கெழுத்துத் தட்டச்சர்